மூங்கில் புல்தான். அதனால் என்ன?

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில், மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஓடை. பந்து ஓடைக்குள் போனால் ஆட்டமிழப்பு என்பது அங்குள்ள விதி. நான் சிறுவனாக இருந்தபோதும் அதே விதிதான். அதைப் போட்டவர் யாரென்று எனக்கும் தெரியாது, இப்போது ஆடும் பிள்ளைகளுக்கும் தெரியாது. ஆனால் ஏன் போடப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓடையில் போன பந்து திரும்பி வராது. வேறு பந்தும் கிடையாது.

விதி என்றால் இப்படி இருக்க வேண்டும். காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அண்மையில் ஊருக்குப் போயிருந்தபோது அந்த மைதானத்தில் ஒரு துடுப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தோட்டப் பாடசாலையின் கணித ஆசிரியர் எங்கோ செய்தி படித்து, ஓடைக் கரையில் முற்றிய மூங்கிலை வெட்டுவித்து, கீற்றாகப் பிளந்து, உலர்த்தி, சீவி, பசையிட்டு இறுக்கி, தச்சாசாரி ஒருவரின் துணையோடு செய்வித்தது. செலவு, ஆசாரியின் இரண்டு நாள் கூலியும் பசையின் விலையும். சற்றுப் பாரம். அடிப்பகுதியில் ஒரு கீற்று விலகத் தொடங்கியிருந்தது. ஆனாலும் துடுப்பு துடுப்பாகவே இருந்தது. பந்தை அதன்மேல் போட்டுப் பார்த்தேன், நல்ல ஓசை.

அதனை எடுத்துக்கொண்டு 15 வயதுக்குட்பட்டோருக்கான கடினப்பந்து ஆட்டமொன்றுக்கு அவர்கள் நகரத்துக்குப் போயிருக்கிறார்கள். நடுவர் துடுப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்ன மரம்?" என்று கேட்டிருக்கிறார். பையன் உண்மையைச் சொன்னான். துடுப்பு எல்லைக்கோட்டுக்கு வெளியே போயிற்று. எதிரணித் தலைவன் தன்னுடைய துடுப்பைக் கொடுத்தானாம். நல்ல பிள்ளை. இரவல் துடுப்பில் நம்மவன் 11 ஓட்டங்கள் எடுத்தான்.

"நடுவரில் பிழையில்லை சேர். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றார் ஆசிரியர்.

நடுவரில் பிழையில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். என் வழக்கு புத்தகத்தோடு.

*

ஆசிரியர் படித்த செய்தி எதுவென்று பின்னர் எனக்குப் புரிந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தர்ஷில் ஷா, பென் டிங்க்ளர்-டேவிஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் மூங்கில் கீற்றுகளை ஒட்டிச் செய்த துடுப்பொன்றை ஆய்வுகூடத்தில் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். ஷா வெறும் ஆய்வுகூட மனிதர் அல்லர். தாய்லாந்தின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர்.

அவர்கள் கண்டது இது. ஒட்டிய மூங்கில், வில்லோ மரத்தைவிட மும்மடங்குக்கும் மேலான வலிமை கொண்டது. விறைப்பு 22 வீதம் அதிகம். பந்து பட்டதும் பாய்ந்து செல்லும் அந்த நல்ல இடம், மூங்கில் துடுப்பில் அகலமாகவும் அடிமுனைக்கு நெருக்கமாகவும் அமைகிறது. குறை ஒன்று: பாரம் அதிகம். ஆனால் வலிமை கூடுதலாக இருப்பதால் அலகை மெல்லியதாகச் சீவி அந்தப் பாரத்தைக் குறைக்கலாம் என்பது அவர்களுடைய வாதம். இதற்கும் மேலாக அவர்கள் சொன்ன ஒரு செய்திதான் என்னை நிமிர வைத்தது. துடுப்புக்கான வில்லோ முதிர 15 ஆண்டுகள் வரை ஆகும். மூங்கிலுக்கு ஏழு ஆண்டுகள் போதும். கிரிக்கெட் புதிதாகப் பரவும் வறிய நாடுகளில் மூங்கில் தாராளமாக வளர்கிறது. ஆகவே மலிவான துடுப்புக்கு அது வழி.

கிரிக்கெட் விதிகளின் பதிப்புரிமையைக் கையில் வைத்திருக்கும் இலண்டன் எம்.சி.சி. கழகம், அதாவது 1787இல் தோன்றிய மேரிலிபோன் கிரிக்கெட் கழகம், உடனே விளக்கம் கொடுத்தது. துடுப்பின் அலகு முழுவதும் மரத்தினால் ஆனதாகவே இருக்க வேண்டும் என்பது விதி. மூங்கில் ஒரு புல். அதனை மரமென்று ஏற்றுக்கொண்டாலும், சிறுவர் துடுப்புகள் தவிர்ந்த ஏனையவற்றில் அலகை ஒட்டிச் செய்வது அன்றைய விதிப்படி தடை. விதிகள் உபகுழு இதை ஆராயும் என்ற ஒரு வரியையும் கழகம் சேர்த்துக்கொண்டது.

மூங்கில் புல்லா என்று தமிழனிடம் கேட்டால் சிரிப்பான். இலண்டனில் 2021இல் சொன்னதைத் தொல்காப்பியர் மரபியலில் எப்போதோ சொல்லிவிட்டார். வைரம் வெளிப்புறத்தில் இருப்பது புல், உட்புறத்தில் இருப்பது மரம் என்பது அவர் வகுத்த பகுப்பு. அந்தக் கணக்கில் மூங்கிலும் புல், தென்னையும் புல், பனையும் புல். தாவரவியலில் எம்.சி.சி.க்கும் தொல்காப்பியருக்கும் சண்டையில்லை. ஆனால் பனையைப் புல் என்று வகுத்த அதே சமூகம், பனையின் வைரத்தில்தான் வீட்டுக்குக் கூரை போட்டது. புல் என்ற காரணத்துக்காக யாரும் அதை இறக்கி வைக்கவில்லை. எந்தப் பொருள் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பது ஒரு கேள்வி. அது பாரத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். துடுப்பின் கைப்பிடி எதனால் ஆனது? பிரம்பினால். கைப்பிடி பிரதானமாகப் பிரம்பினாலோ மரத்தினாலோ இருக்கலாம் என்று அதே விதிப்புத்தகம் அனுமதிக்கிறது. பிரம்பு என்ன, ஓங்கி வளர்ந்த தேக்கா? பனைக் குடும்பத்துக் கொடி அது. மரமல்லாத ஒன்றை வீரர்கள் நூற்றாண்டுக்கும் மேலாக இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். அது இரண்டு முழம் கீழே இறங்கி அலகுக்கு வந்தால் மட்டும் ஆட்டம் கெட்டுவிடுமாம்.

நம் மொழியைக் கேளுங்கள். துடுப்பு என்கிறோம், ஓடம் வலிக்கும் கருவியின் பெயர். மட்டை என்கிறோம், தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுவதன் பெயர். பிள்ளைகள் முதலில் எதைக் கையில் எடுத்து ஆடினார்கள் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

*

எதிர்த்தரப்பின் நியாயத்தை மறைத்துவிட்டு வாதாடுவது பத்திரிகைத் தொழிலுக்கு அழகல்ல. எனவே அதனையும் சொல்கிறேன்.

துடுப்புக்குக் கட்டுப்பாடு வந்த வரலாறு நகைப்புக்கிடமானது, ஆனால் அர்த்தமற்றதன்று. 1771ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோமஸ் வைட் என்பவர் இலக்கின் முழு அகலத்தையும் மறைக்கும் துடுப்போடு ஆட வந்தார். அதன் விளைவாகவே நாலேகால் அங்குல அகல வரம்பு பிறந்தது. இன்றும் அதுவே வரம்பு. 1979 டிசெம்பரில் பேர்த் நகரில் அவுஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லீ அலுமினியத் துடுப்போடு களமிறங்கினார். பந்து பழுதாகிறது என்று இங்கிலாந்துத் தலைவர் மைக் பிரயர்லி நடுவர்களிடம் முறையிட, ஆட்டம் நின்றது. இறுதியில் லில்லீ அந்தத் துடுப்பை மைதானத்தில் வீசி எறிந்தார். 1980இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிகளில், அலகு மரத்தினால் ஆனதாக இருக்க வேண்டும் என்ற வரி ஏறியது. ரிக்கி பொன்டிங் பயன்படுத்திய, பின்புறத்தில் கார்பன் நாடா ஒட்டிய துடுப்பும் 2006இல் களத்தை விட்டுப் போயிற்று. 2017இல் விளிம்புக்கு 40 மில்லிமீற்றர், தடிப்புக்கு 67 மில்லிமீற்றர் என்று உச்ச வரம்பு வந்தது.

இவற்றின் பின்னால் உள்ள கவலை ஒன்றே. துடுப்பு மிஞ்சினால் பந்துவீச்சாளன் கூலிக்காரன் ஆகிவிடுவான். தவறி விளிம்பில் பட்ட பந்தும் ஆறாகப் போனால் திறமைக்கு என்ன மதிப்பு? இதனை நான் முழுமையாக ஏற்கிறேன். லோர்ட்ஸிலும் மெல்பேர்னிலும் தம்புள்ளையிலும் ஆடுபவர்களுக்கு வில்லோ மட்டுமே என்று இன்னும் நூறு ஆண்டுகளுக்கு விதி இருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

என் ஆட்சேபம் வேறு. உலகின் தலைசிறந்த நூறு பேரைக் கட்டுப்படுத்த எழுதிய வரி, இரத்தோட்டைத் தோட்டத்துப் பதினாலு வயதுப் பிள்ளையின் கையையும் ஏன் கட்ட வேண்டும்?

*

இதே சிக்கல் பேஸ்போல் விளையாட்டுக்கும் வந்தது. அவர்கள் அதனை எவ்வாறு தீர்த்தார்கள் என்பதை நம்முடைய விளையாட்டு அதிகாரிகள் ஒரு நாளாவது உட்கார்ந்து படித்திருப்பார்களா என்பது ஐயமே.

அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டிகளில் இன்றுவரை ஒரே துண்டு மரத்தினாலான துடுப்புக்கு மட்டுமே இடமுண்டு. ஆனால் மரத் துடுப்புகள் உடைந்துகொண்டே இருக்கும். பாடசாலைகளாலும் கல்லூரிகளாலும் அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஆகவே 1974இல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் அலுமினியத்துக்குக் கதவைத் திறந்தன. அதே 1974இல் ஜப்பானின் உயர்தரப் பாடசாலைப் போட்டிகளும் உலோகத் துடுப்பை அனுமதித்தன. அங்கும் காரணம் செலவுதான்.

பிறகு என்ன நடந்தது? எதிர்பார்த்ததுதான். பொறியியலாளர்கள் உலோகத்தையும் கார்பன் இழைகளையும் வைத்து மேலும் மேலும் பாய்ச்சல் மிக்க துடுப்புகளைச் செய்தார்கள். பந்து அளவுக்கு மீறிய வேகத்தில் பறந்தது. பந்தெறிபவரின் முகத்துக்கு ஆபத்து என்ற அச்சம் எழுந்தது. அப்போது அவர்கள் "மரத்துக்குத் திரும்புங்கள்" என்று கட்டளை போடவில்லை. பந்து துடுப்பில் பட்டு எவ்வளவு வேகத்தோடு மீள்கிறது என்பதை ஆய்வுகூடத்தில் அளந்து, மரத் துடுப்புக்கு நெருக்கமான ஒரு வரம்பை வகுத்தார்கள். 2011 முதல் அமெரிக்கக் கல்லூரிகளில் அந்த வரம்புக்கு உட்பட்ட துடுப்புகளே செல்லும். எதனால் செய்தாய் என்பது இரண்டாம் கேள்வி. எவ்வளவு பாய்கிறது என்பதே முதற் கேள்வி. ஜப்பானியரும் 2024இல் இதையே செய்தார்கள். உலோகத் துடுப்பின் பருமனை 67 மில்லிமீற்றரிலிருந்து 64க்குக் குறைத்து, சுவரைத் தடிப்பாக்கி, பாய்ச்சலை அடக்கினார்கள். உலோகத்தை விலக்கவில்லை. மாணவனிடமிருந்து துடுப்பைப் பறிக்கவுமில்லை.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்றுண்டு. ஜப்பானின் தொழில்முறைசாராப் பேஸ்போல் விதிகளில், மூங்கிலை ஒட்டிச் செய்த துடுப்புக்குப் பெயர் சொல்லியே இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. எளிதில் முறியாதது, மலிவானது என்பதால் பாடசாலைப் பயிற்சிகளில் அது பழகிய பொருள். அந்த ஜப்பானின் உதவியோடுதான் ஹோமாகமையின் தியகமவில் நமக்கொரு பேஸ்போல் மைதானம் அமைந்தது. மைதானத்தை வாங்கிக்கொண்டோம், கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டோம். அவர்களுடைய விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

மரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும் அமெரிக்கத் தொழில்முறையினரும் சும்மா இருக்கவில்லை. 2008இல் மேப்பிள் மரத் துடுப்புகள் துண்டு துண்டாகச் சிதறிப் பார்வையாளர் பக்கம் பறந்தபோது, அந்நாட்டு வனத்துறையின் ஆய்வுகூடத்தை அழைத்தார்கள். கைப்பிடியில் ஒரு துளி மையை வைத்து, அது எந்தத் திசையில் ஊர்கிறது என்பதைக் கொண்டு மரத்தின் இழை நேராக ஓடுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை வந்தது. சில ஆண்டுகளில் சிதறல் பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஒரு துளி மை! வலுவான துடுப்புக்கு வழி தேட விரும்புகிறவனுக்கு வழி கிடைக்கும்.

*

இனி விலைக்கு வருவோம்.

துடுப்புக்கு உகந்த வில்லோ மரம் பெரும்பாலும் இங்கிலாந்தின் எசெக்ஸ் முதலிய பகுதிகளில் வளர்கிறது. அதன் விநியோகத்தில் பெரும்பங்கு ஓரிரு குடும்ப நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அங்கே அறுத்த கட்டைகள் கப்பலேறி மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் போய்த் துடுப்பாகி, மீண்டும் கப்பலேறி உலகெங்கும் செல்கின்றன. இடையில் எத்தனை கைகள், எத்தனை இலாபங்கள், எத்தனை வரிகள்! காஷ்மீர் வில்லோ மலிவு. 2021 உலகக் கிண்ணத்தில் ஓமான் வீரர்கள் அதைக்கொண்டு ஆடினார்கள். ஆயினும் நம் ரூபாய் 2022இல் சரிந்த சரிவில் அதுவும் எட்டாக் கனியாயிற்று.

நல்ல ஆங்கில வில்லோ துடுப்பு ஒன்று இன்று கொழும்புக் கடையில் ஓர் இலட்சம் ரூபாயை எளிதில் தொடுகிறது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு முழுநாள் வேலையைத் தோட்டத்தில் "பேர்" என்பார்கள். ஓர் இலட்சத்தை 1,350ஆல் வகுத்துப் பாருங்கள், 74 பேர். ஒரு தாய் 74 நாள் மலையேறி இறங்க வேண்டும், ஒரு வாய் சோறும் உண்ணாமல். சம்பளத்தில் இன்னும் சில நூறு ரூபாய் கூட்டிப் போட்டாலும் இந்தக் கணக்கு வெட்கப்பட வேண்டிய கணக்குத்தான்.

பந்தை அணிக்கு ஒன்று வாங்கலாம். பந்துவீச்சாளனுக்குக் கை போதும். துடுப்பாட்ட வீரனுக்கு மட்டும் பணமும் வேண்டும். மென்பந்தோடு நின்றுவிடும் நம் பிள்ளைகளைப் பார்த்து "திறமை இருக்கிறது, ஆனால் கடினப்பந்தில் அனுபவம் போதாது" என்று தெரிவாளர்கள் சொல்வதைச் செய்தியாளனாக நானே பலமுறை எழுதியிருக்கிறேன். அனுபவம் ஏன் போதவில்லை என்று ஒருமுறையும் எழுதவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

எங்கள் மாத்தளை மாவட்டத்தில்தான் ரங்கிரி தம்புள்ளை சர்வதேச மைதானம் இருக்கிறது. 167 நாட்களில் கட்டி முடிக்கப்பட்டு, 2001 மார்ச்சில் இங்கிலாந்து அணியோடு முதற் சர்வதேச ஒருநாள் போட்டி அங்கு நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், தம்புள்ளை வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் நடந்த வழியில் இன்று உலக அணிகள் வந்து ஆடும் மைதானம் நிற்கிறது. அதே மாவட்டத்துப் பிள்ளை ஒருவனுக்கு அந்தப் புல்தரையில் கால் வைக்கத் தடையாக நிற்பது, அவன் கையில் இருந்ததும் புல் என்பது!

*

"எம்.சி.சி. விதியை மாத்தளையிலிருந்து மாற்ற முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் நம்மவர்களின் சோம்பல் வெளிப்படுகிறது. துடுப்புகளை வகைப்படுத்தும் அதே ஐந்தாம் விதி, முதல் வகையைச் சேராத ஏனைய துடுப்புகளை எந்த மட்டம் வரை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்தந்த நாட்டுக் கிரிக்கெட் நிர்வாகத்திடமே விட்டிருக்கிறது. பூட்டு இலண்டனில் இருக்கலாம். பாடசாலைக் கதவின் திறவுகோல் கொழும்பில் இருக்கிறது. அதைத் தேடி எடுக்க ஒருவரும் மேசை இழுப்பறையைத் திறக்கவில்லை.

நான் கேட்பது பெரிதன்று. முதலாவது, பாடசாலை மட்டத்திலும் மாவட்டக் கழக மட்டத்திலும் ஒட்டு மூங்கில் துடுப்பை அனுமதியுங்கள். அளவு வரம்புகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். இரண்டாவது, அனுமதிக்கு முன் அளந்து பாருங்கள். பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியற் பீடங்கள் இருக்கின்றன. பந்து மீளும் வேகத்துக்கு வில்லோவையே அளவுகோலாக வையுங்கள். மிஞ்சினால் தள்ளுங்கள், மிஞ்சாவிட்டால் முத்திரை குத்துங்கள். மூன்றாவது, பசை விலகாமல் இருக்கவும் பாரம் குறையவும் என்ன செய்யலாம் என்பதை அந்தப் பீடங்களின் மாணவர்களுக்கு ஆய்வுப் பொருளாகக் கொடுங்கள். கணித ஆசிரியரின் துடுப்பில் குறை இருந்தது உண்மை. குறை, கைவிட்டுவிடுவதற்கான காரணமன்று. பேராதனைப் பூங்காவின் மகாவலிக் கரையில் வானளாவி நிற்கும் அந்த இராட்சத மூங்கிலைப் படம் பிடிக்காத சுற்றுலாப் பயணி இல்லை. அதனால் ஒரு பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்த அதிகாரியைத்தான் நான் இன்னும் சந்திக்கவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் நீங்கள் பழைய பாடசாலைகளுக்குத் துடுப்புப் பொதிகள் அனுப்புகிறீர்கள். உங்கள் மனம் பெரிது; குறை சொல்ல மாட்டேன். ஆனால் தானமாக வந்த துடுப்பு இரண்டு பருவங்களில் உடைந்துவிடும். பிள்ளை மறுபடி தபால்காரனை எதிர்பார்த்து நிற்பான். தன் ஓடைக் கரையில் வளர்ந்ததைக் கொண்டு, தன்னூர் ஆசாரி செய்த துடுப்போடு, இரவல் இல்லாமல் ஆடும் உரிமை அவனுக்குக் கிடைத்தால் அது உடையாது. இலண்டனில் இருப்பவர்கள் எம்.சி.சி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கொழும்பில் இருப்பவர்கள் கிரிக்கெட் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். இங்கு எனக்கு மறுமொழி எழுதுவதைவிட அது பயன்படும்.

ஆசிரியரிடமிருந்து விடைபெறும்போது, விலகிய கீற்றுக்கு மறுபடி பசை தடவி, இரண்டு கற்களுக்கு இடையில் துடுப்பை இறுக்கி வைத்திருந்தார்கள். காய நாள் பிடிக்கும் என்றான் பையன். அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டேன்.

"ஆட்டம் இருக்கு சேர். துடுப்புத்தான் யாராவது தரவேணும்" என்றான்.